சொத்தவிளை மணலில் பழகி சஹாராவில் ஓடுவது: பல நாள் பாலைவன ஓட்டத்துக்குக் குமரி மாவட்டத்திலிருந்து தயாராவது எப்படி

பல நாள் பாலைவன ஓட்டத்தைப் பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் மூச்சு போதாமல் விடுவதில்லை. குதிகால் தோல் உரிந்து போயிருக்கும், வயிறு எதையும் ஏற்காது, பைவார் முதுகை அறுத்திருக்கும். அதனால் இந்தப் போட்டிக்கான தயாரிப்பில் ஓடுவது ஒரு பாதிதான். பாதம், பை, சாப்பாடு, தண்ணீர் இந்த நான்கையும் வீட்டிலிருந்தே சரிசெய்துகொண்டு போவது மறு பாதி. வேகமாக ஓடத் தெரிந்தவர்கள்தான் இந்த மறு பாதியைக் கோட்டை விடுகிறார்கள்.

தெற்கு மொராக்கோவில் 1986 முதல் நடக்கும் ‘மாரத்தான் தே சாப்ல்’ போட்டியை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 250 கி.மீ. தூரத்தை ஆறு கட்டங்களாக ஒரு வாரத்தில் முடிக்க வேண்டும். அதில் ஒரு கட்டம் மட்டுமே 80 கி.மீ.க்குக் குறையாது, இரவிலும் போக வேண்டியிருக்கும். தண்ணீரும் படுக்கக் கூடாரமும் நடத்துபவர்கள் தருவார்கள். சாப்பாடு, படுக்கை, மருந்து எல்லாம் உங்கள் முதுகில். நமீப், கோபி, அட்டகாமா பாலைவனங்களில் நடக்கும் 250 கி.மீ. போட்டிகளுக்கும் இதே கணக்கு பெரும்பாலும் பொருந்தும். கட்டாயப் பொருட்கள், நேர வரம்பு, தண்ணீர் அளவு ஆகியவற்றை ஆண்டுதோறும் மாற்றுவார்கள். நீங்கள் போகும் ஆண்டின் விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் பொருள் வாங்கத் தொடங்க வேண்டும்.

குமரியில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

மணல் கிடைக்கும். சொத்தவிளை, சங்குத்துறை, கணபதிபுரம், தேங்காப்பட்டணம் என்று கடற்கரை நீண்டு கிடக்கிறது. ஆனால் அலை நனைத்த ஈர மணலில் ஓடிவிட்டு மணல் பயிற்சி முடிந்தது என்று எண்ணக் கூடாது. ஈர மணல் தார் ரோட்டுக்குத் தம்பி. அலை ஏறாத மேட்டில், கால் வைத்தால் கணுக்கால்வரை புதைகிற காய்ந்த மணல்தான் உங்களுக்குத் தேவை. கடற்கரை ஒரு பக்கம் சரிந்திருப்பதால் ஒரே திசையில் ஓடினால் கடல் பக்கத்து இடுப்பும் முழங்காலின் வெளிப்புறமும் வலிக்கத் தொடங்கும். போன தூரத்தையே திரும்பி வந்து சமன் செய்யுங்கள். மணவாளக்குறிச்சி, வட்டக்கோட்டை பக்கத்துக் கறுப்பு மணல் உச்சி வெயிலில் மற்ற மணலைவிடக் கடுமையாகச் சுடும். ஷூவுக்குள் சூடு ஏறுவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நல்ல இடம், ஆனால் மணல் எடுக்கும் பகுதிகளுக்குள் நுழையாதீர்கள்.

காற்று கிடைக்கும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக அடிக்கிற காற்று முகத்தில் மண்ணை வாரி இறைக்கும். முப்பந்தல் காற்றாலைகளுக்குப் போகும் மண்பாதைகளில் எதிர்க்காற்றில் நடந்து பழகினால் மணற்காற்று வரும்போது பதற்றம் குறையும். தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் ஓட வேண்டாம். பக்கக் காற்று தள்ளுகிற இடத்தில் லாரியும் தடுமாறும், நீங்களும் தடுமாறுவீர்கள்.

ஏற்ற இறக்கத்துக்கு மருந்துவாழ்மலை போதும். சஹாராவில் மணல் மேடு மட்டுமல்ல, கல் சிதறிக் கிடக்கும் மொட்டை மலைகளும் உண்டு. பாறையில் சுமையோடு இறங்கத் தெரியாதவருக்குத்தான் கால்விரல் நகம் கறுக்கும்.

கிடைக்காதது வறட்சி. குமரியில் 33 டிகிரியிலேயே வியர்வை சொட்டும். சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, ஆவியாகிற வியர்வைதான் குளிர்விக்கும். சஹாராவில் 40 டிகிரிக்கு மேல் போனாலும் காற்று வறண்டிருப்பதால் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், சட்டையில் உப்புப் பொரி மட்டும் நிற்கும். நம்மூர்க்காரர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். வியர்க்கவில்லையே என்று நினைத்துக் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். தாகமும் சட்டை நனைவதும் அங்கே அளவுகோல் ஆகா. கடிகாரம்தான் அளவுகோல்.

கடல் பற்றி ஒரு எச்சரிக்கை. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் கடற்கரைப் பக்கமே போகாதீர்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். காற்றோ மழையோ இல்லாமலே அலை மேடேறி வரும்.

ஒன்பது மாதத் திட்டம்

ஏப்ரல் போட்டிக்கு ஆடியில் தொடங்குவது சரியாக இருக்கும். ஏற்கெனவே ஒரு முழு மாரத்தான் ஓடியவருக்கான கணக்கு இது. அந்த அனுபவம் இல்லாதவர் இன்னும் ஓர் ஆண்டு தள்ளிப் போடலாம், போட்டி ஓடிப்போகாது.

ஆடி முதல் புரட்டாசி வரை சுமை வேண்டாம். வாரம் நான்கு நாள், 40 கி.மீ.யில் தொடங்கி 60 கி.மீ. வரை. இதில் ஒரு நாள் முழுக்க நடை. நடைக்கு இவ்வளவு இடமா என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். 82 கி.மீ. கட்டத்தை மணிக்கு 4 கி.மீ. வீதம் முடித்தால் இருபதரை மணி நேரம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து மணலில் சுமையோடு பெரும்பாலானவர்களின் வேகம் அதுதான். சமதரையில் மணிக்கு 6 கி.மீ. நடக்கத் தெரிந்தவர், ஓடி ஓடி நின்று மூச்சு வாங்குபவரை இரவில் தாண்டிப் போவார். வேகநடைக்கு வேறு தசை. முன்னங்கால் தசை வீங்கி வலிப்பதெல்லாம் நடந்து பழகாதவருக்குத்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தூரம் ஏறாது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் படிக்கட்டு, ஒற்றைக்கால் குந்தல், கெண்டைக்கால் உயர்த்தல், முதுகுத்தசைப் பயிற்சி என்று வாரம் மூன்று நாள் வையுங்கள். மழையில் ஓடுகிற நாட்களும் வீண் அல்ல. நனைந்து ஊறிய பாதத்தில் எந்த சாக்ஸ் கொப்புளம் போடுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

மார்கழி, தையில் பையை எடுக்க வேண்டும். முதல் வாரம் 2 கிலோ, இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டி மாசியில் 7 கிலோ வரை. பையோடு ஓடுவது வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். தினமும் சுமந்தால் பாதத்தின் நடு எலும்பில் நுண்முறிவு வரும், அதன்பின் ஆறு வாரம் படுக்கைதான். போட்டிச் சுமையைவிட அதிகமாகத் தூக்கிப் பழகினால் அங்கே லேசாக இருக்கும் என்பது தவறான யோசனை. முழங்கால் தேயும், வேறு பயன் இல்லை.

மாசி உச்ச மாதம். வாரத் தூரம் 80 முதல் 100 கி.மீ. போட்டிக்கு ஐந்து வாரம் முன்பு நான்கு நாள் தொடர் ஒத்திகை ஒன்று வேண்டும். முதல் நாள் 20 கி.மீ., இரண்டாம் நாள் 25, மூன்றாம் நாள் மாலை மூன்று மணிக்குக் கிளம்பி இரவில் முடிகிற 35, நான்காம் நாள் 15. நான்கு நாளும் அதே ஷூ, அதே பை, போட்டிக்குக் கொண்டுபோகிற சாப்பாடு மட்டும். இடையில் பரோட்டாக் கடையில் உட்கார்ந்தால் ஒத்திகை கெட்டது. குமரிக் கடற்கரையை ஒரே கோடாக ஓடிவிட முடியாது. மணக்குடியில் பழையாறும் தேங்காப்பட்டணத்தில் குழித்துறையாறும் கடலில் சேருகின்றன, முட்டத்தில் பாறை, பல ஊர்களில் அலைத்தடுப்புக் கற்கள். ஆகவே ஒரே கரையில் போய்வந்து தூரத்தைச் சேர்ப்பதே நடைமுறை.

பங்குனியில் தூரத்தைப் பாதியாகக் குறைத்து வெயிலுக்கு உடம்பைப் பழக்குங்கள். பத்து முதல் பதினான்கு நாள் தொடர்ந்து சூடு பட்டால் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும். இந்தப் பழக்கம் இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். மாசியிலேயே வெயில் பயிற்சி எடுத்து முடித்தால் பயன் இல்லை. மதியம் ஒரு மணிக்கு மேல் 60 நிமிட மெல்லோட்டம் ஒரு வழி. இன்னொரு வழி, மெல்லோட்டம் முடிந்த கையோடு 40 டிகிரி வெந்நீரில் கழுத்துவரை 30 நிமிடம், பழகியபின் 40 நிமிடம். குளியல் தொட்டி இல்லாத வீட்டில் 200 லிட்டர் தண்ணீர்ப் பீப்பாய் போதும். தெர்மாமீட்டரும் பக்கத்தில் ஓர் ஆளும் கட்டாயம். எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். மெதுவாக எழுந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். இதய நோய், ரத்த அழுத்த மாத்திரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

ஷூவும் மணல் உறையும்

பாதம் அங்கே வீங்கும். ஷூ வழக்கமான அளவைவிட அரை அல்லது ஒரு அளவு பெரிதாக இருந்தால் போதும். இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் இறக்கத்தில் பாதம் முன்னே வழுக்கி நகம் கழலும். வீக்கத்துக்கு இடம் வேண்டுமானால் உள்ளே இரண்டு மெல்லிய அட்டை போட்டுப் பழகி, அங்கே ஒன்றை எடுத்துவிடுங்கள்.

மணலைத் தடுப்பது கணுக்காலில் மாட்டும் சின்ன கெய்ட்டர் (மணல் உறை) அல்ல. ஷூவின் வலைத்துணி வழியாகவே பொடி மணல் புகுந்துவிடும். முழு ஷூவையும் மூடி முழங்காலுக்குக் கீழே இறுக்குகிற பாராசூட் துணி கெய்ட்டர்தான் வேண்டும். பருத்தித் துணி ஆகாது. அதை ஷூவில் பிடித்துவைப்பது சுற்றிலும் ஒட்டிய வெல்க்ரோ பட்டை. பலருக்கும் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. பசை மட்டும் போட்டு ஒட்டினால் சூடான மணலில் பசை இளகி, இரண்டாம் நாளே பட்டை உரிந்து தொங்கும். பசையும் வேண்டும், தையலும் வேண்டும்.

செருப்பு தைப்பவரிடம் கொடுக்கும்முன் உள்அட்டையைக் கழற்றிவிடுங்கள். 2 செ.மீ. அகலப் பட்டையை, மேல்துணியும் அடித்தட்டும் சேரும் கோட்டுக்குச் சற்று மேலாக, ஒரே துண்டாகச் சுற்றி ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு முனையும் சேருமிடம் பாதத்தின் உள்வளைவுப் பக்கம் வரட்டும். விரல்நுனியிலோ குதியிலோ வந்தால் அந்த இடைவெளியில் மணல் நுழையும். பசை ஒரு நாள் காய்ந்தபின் வளைந்த ஊசியால் நைலான் நூல் தையல். அடித்தட்டின் நுரைக்குள் ஊசி போகக் கூடாது, கிழியும். வாங்கி வந்ததும் ஷூவுக்குள் கை விட்டுச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். கடுகளவு நூல் முடிச்சு நின்றாலும் 40 கி.மீ.யில் அது கொப்புளம். முடிச்சுகளைத் தீயில் பொசுக்கி, மேலே மெல்லிய டேப் ஒட்டிவிட்டால் சரியாகிவிடும். பிறகு சொத்தவிளை காய்ந்த மணலில் 10 கி.மீ. ஓடி, சாக்ஸை ஒரு வெள்ளைத் தாளில் உதறிப் பாருங்கள். ஒரு சிட்டிகைக்கு மேல் விழுந்தால் பட்டையில் எங்கோ இடைவெளி இருக்கிறது. மைதா தூவி அமுக்கிப் பார்த்தால் எங்கே என்று தெரிந்துவிடும்.

பாதம்

கொப்புளம் உண்டாக சூடு, ஈரம், உரசல் மூன்றும் வேண்டும். ஒன்றைக் குறைத்தாலும் பாதி வேலை முடிந்தது. விரல் தனித்தனியாக உள்ள சாக்ஸ் விரலிடுக்கு உரசலை நிறுத்தும். பந்தயப் பாதையில் வரும் சோதனைச் சாவடி தோறும் ஷூவைக் கழற்றி இரண்டு நிமிடம் காலைக் காயவிடுவது ஈரத்தை நிறுத்தும். வாசலின் தடவாதீர்கள். மணல் அதில் ஒட்டி உப்புத்தாள் போல அறுக்கும்.

போட்டிக்கு ஒரு மாதம் முன்பிருந்து குதியின் தடித்த தோலை நுரைக்கல்லால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து மெலியவைக்க வேண்டும். கடற்கரையில் வெறுங்காலோடு நடந்து தோல் கெட்டிப்பட்டவர்களுக்கு இது முக்கியம். காய்த்துப்போன தோலுக்கு அடியில் வருகிற கொப்புளத்தை ஊசி எட்டாது. நகத்தை ஒரு வாரம் முன்பு நேராக வெட்டி ஓரத்தை மழுக்குங்கள்.

எங்கே சிவக்கிறதோ அங்கே முன்கூட்டியே டேப். தோலை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் டிங்க்சர் பென்சாயின் ஒரு பூச்சு, அது பிசுபிசுப்பானதும் ஜிங்க் ஆக்சைடு டேப். மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிவிடுங்கள், கூர்மூலை சாக்ஸில் மாட்டிச் சுருளும். சுருக்கம் ஒன்று விழுந்தாலும் உரித்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும்.

கொப்புளம் வந்துவிட்டால் மாலையில் கூடாரத்தில் பார்க்க வேண்டியது இது. கையைச் சுத்தம் செய்யுங்கள். கொப்புளத்தை பெட்டடின் கொண்டு துடைத்து, புது ஊசியால் அடிவிளிம்பில் மூன்று நான்கு துளை. ஒரே துளை போட்டால் மூடிக்கொண்டு மறுபடி நீர் கோக்கும். துணியால் மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றுங்கள், மேல்தோலைக் கிழிக்காதீர்கள், இயற்கை கொடுத்த கட்டு அது. இரவில் திறந்து காயவிட்டு, காலையில் பெட்டடின், சின்னத் துணிக்கட்டு, டேப். உள்ளே ரத்தம் கலந்திருந்தால் குத்தாமல் மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள். சுற்றிலும் சிவந்து சூடாகி, கணுக்காலை நோக்கிச் சிவப்புக் கோடு ஏறினால் தொற்று பரவுகிறது. அப்போது பந்தயத்தை மறந்து மருத்துவரிடம் போக வேண்டும்.

பையின் எடை

மாரத்தான் தே சாப்ல் விதிப்படி தண்ணீர் இல்லாமல் பை 6.5 கிலோவுக்குக் குறையவும் கூடாது, 15 கிலோவைத் தாண்டவும் கூடாது. 7 முதல் 8 கிலோவுக்குள் நிறுத்துவதே திறமை. சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதிவையுங்கள். காலிப் பை 700 கிராம், தூங்கும் பை 550, விரிப்பு 300, குளிர்ச்சட்டை 200, உடை 300, நெற்றிவிளக்கும் மாற்று பேட்டரியும் 200, மருந்து 250, கட்டாயச் சில்லறைப் பொருட்கள் 400, குவளை கரண்டி 150, சோப்பு சன்ஸ்கிரீன் 250, சாப்பாடு 4,000. கூட்டினால் 7.3 கிலோ. தண்ணீர் ஒன்றரை லிட்டர் சேர்ந்தால் 9 கிலோவை நெருங்கும்.

திசைகாட்டி, விசில், சமிக்ஞைக் கண்ணாடி, உலோக அலகு கொண்ட கத்தி, உயிர்காப்புப் போர்வை, ஊக்கு போன்றவை கட்டாயப் பட்டியலில் வருபவை. ஒன்று குறைந்தாலும் நேர அபராதம். குமரியிலிருந்து போகிறவர்கள் தூங்கும் பையில் எடையை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள், நம்மூரில் இரவுக் குளிர் என்ற பேச்சே இல்லாததால். அங்கே பகல் 40 டிகிரிக்கு மேல் இருந்தாலும் இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடும். குளிரில் தூங்காமல் விடிந்தால் மறுநாள் போச்சு.

தண்ணீர்ப் புட்டிகள் முதுகில் அல்ல, தோள்வாரில் முன்பக்கம் தொங்க வேண்டும். பின்பாரத்துக்கு அது ஈடு. குடிப்பதற்குப் பையைக் கழற்ற வேண்டியதில்லை. கீழ்முதுகில் பை உரசுகிற இடத்தில் முதல் நாள் காலையிலேயே டேப் ஒட்டிவிடுங்கள்.

சாப்பாடு

விதி கேட்பது நாளுக்குக் குறைந்தது 2,000 கலோரி, மொத்தம் 14,000. உடம்பு கேட்பது அதைவிட அதிகம். 2,500 கலோரியை 575 கிராமுக்குள் அடக்கினால் ஏழு நாளுக்கு 4 கிலோ. நம்மூர்ப் பொருட்களாலேயே அது முடியும். ஒரு நாள் கணக்கு இது:

காலை: சத்துமாவு 100 கிராம், பால் பவுடர் 30, கருப்பட்டித் தூள் 20. சுமார் 600 கலோரி.
ஓடும்போது: முந்திரி 60, கடலைமிட்டாய் 60, நேந்திரங்காய் சிப்ஸ் 50, பேரீச்சை 60. சுமார் 1,070.
முடித்த அரை மணிக்குள்: பால் பவுடரும் சர்க்கரையும் சேர்த்து 60. சுமார் 260.
இரவு: தாளித்து உலர்த்திய அவல் 100, பருப்புப்பொடி 20, நெய் 15. சுமார் 565.

இதில் அவலுக்குப் பெரிய மரியாதை கொடுக்கலாம். பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடத்தில் ஊறிவிடும். பக்கத்தில் இருப்பவர் காற்றில் அடுப்பை மூடி மூடித் தீப்பெட்டி கிழித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். அடுப்பே வேண்டாம் என்றால் அந்த எடையும் மிச்சம். சமைத்தே தீருவேன் என்பவர்கள், எரிபொருள் வில்லை விமானத்தில் போகாது என்பதால் அங்கே போய்த்தான் வாங்க வேண்டும்.

சிப்ஸை முன்பே நொறுக்கிப் பொட்டலம் போட்டால் இடம் பாதியாகும். கரண்டியால் அள்ளிச் சாப்பிட வேண்டியதுதான். கருப்பட்டித் தூள் குமரியின் ஈரக்காற்றிலேயே கட்டிபிடித்துவிடும். காய்ந்த வெயிலில் இடித்து, அன்றே சீல் செய்யுங்கள். நெய் அங்கே தண்ணீராக ஓடும், இரட்டை உறை வேண்டும். முந்திரிக்கொத்து ஆசை இருந்தால் தேங்காய் சேர்க்காமல் செய்து, முதல் இரண்டு நாளுக்கு மட்டும் எடுத்துப் போங்கள். நாள் ஆக ஆக மேல்மாவு கல்லாகும், வறண்ட வாயில் அது கரையாது. கருவாடு எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்கள், ஒரே கூடாரத்தில் கூடப் படுக்கும் ஏழெட்டுப் பேரை நினைத்துப் பார்க்கவும்.

மூன்றாம் நாளில் இனிப்பு ஓங்கரிக்கும், யாருக்கும் தப்பாது. அப்போது காப்பாற்றுவது உப்பும் புளிப்பும். உப்பில் ஊறிக் காய்ந்த நார்த்தங்காய், நெல்லிக்காய் வத்தல், புளிமிட்டாய் இவற்றில் 15 கிராம் வீதம் தினசரிப் பொட்டலத்தில் போட்டு வையுங்கள்.

போட்டிக்கு முன் பையைத் திறந்து பார்க்கும் பரிசோதனையில் சிக்கல் வருவது வீட்டுச் சாப்பாட்டால்தான். பொட்டலத்தில் கலோரி அச்சிட்ட லேபிளைக் கேட்பார்கள். பிரித்து மறுபொட்டலம் போட்டவற்றோடு மூல லேபிளை வெட்டி உள்ளே வைத்தால் தீர்ந்தது. வீட்டில் செய்ததற்கு லேபிள் ஏது? ஆகவே கட்டாய 14,000 கலோரியைக் கடைப் பொருளிலேயே எட்டிவிட்டு, அம்மா இடித்துத் தந்ததை அதற்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் உப்பும்

ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் உடம்பை நிறுத்துப் பாருங்கள். 62 கிலோ 60.9 ஆகி, இடையில் 400 மி.லி. குடித்திருந்தால் ஒரு மணி நேரத்தில் இழந்தது ஒன்றரை லிட்டர். அதை முழுக்கக் குடித்து ஈடுகட்ட முயல வேண்டாம், வயிறு தாங்காது. சுமை நடையில் மணிக்கு 500 முதல் 800 மி.லி. பெரும்பாலானவர்களுக்குப் போதும். பத்து நிமிடத்துக்கு இரண்டு மூன்று மடக்கு.

வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளுவது தாகத்தைவிட ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். மோதிரம் இறுகும், விரல் வீங்கும், தலை வலிக்கும், குமட்டும், பேச்சு குழறும். அந்த நிலையில் இன்னும் தண்ணீர் கொடுத்தால் வலிப்பு வரலாம். லிட்டருக்கு 500 முதல் 800 மி.கி. சோடியம் இருக்கட்டும். ஒரு கிராம் சமையல் உப்பில் ஏறக்குறைய 390 மி.கி. சோடியம் உண்டு. உலக சுகாதார நிறுவன சூத்திரப்படியான ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றில் 2.6 கிராம் உப்பு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 13.5 கிராம் குளுக்கோஸ். ஒரு லிட்டரில் முழுப் பொட்டலம் வயிற்றுப்போக்குக்கு. நாள் முழுக்கக் குடிக்கப் பாதிப் பொட்டலம் சரியான அளவு. ஒரு புட்டியில் உப்புக் கலவை, மறு புட்டியில் வெறும் தண்ணீர் என்று பிரித்து வையுங்கள். முகம் நனைக்க, மாத்திரை விழுங்க வெறும் தண்ணீர் வேண்டும்.

வலி மாத்திரையில் கவனம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளை உடம்பில் நீர் குறைந்த நிலையில் போட்டால் சிறுநீரகம் பழுதாகும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். உடனே மருத்துவர்.

கூட ஓடுபவர் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசினால் வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை நிற்கும்வரை காத்திருக்காதீர்கள், வியர்த்துக்கொண்டே விழுபவர்கள் உண்டு. நிழலில் கிடத்தி, கையிலிருக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள், உதவிக்குச் சமிக்ஞை கொடுங்கள். முதலில் குளிரவைப்பது, அதன் பிறகே தூக்கிப்போவது.

மணலில் கால் வைப்பது, வழி பிடிப்பது

குறுகிய எட்டு, முழுப் பாதம் தட்டையாக. விரல்நுனியால் உந்தினால் மணல் பின்னால் சறுக்கி சக்தி வீண். முன்னே போனவரின் கால்தடத்தில் கால் வைத்தால் மணல் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். மணல்மேட்டில் காற்று வந்து மோதுகிற பக்கம் இறுகியும், மறுபக்கம் 30 டிகிரிக்கு மேல் சரிந்து பொலபொலவென்றும் இருக்கும். ஏறுவது இறுகிய பக்கமாக, முடிந்தவரை முகட்டு விளிம்பிலேயே போவது. இறங்கும்போது பொலபொலப்பில் குதிகால் ஊன்றித் தாராளமாக இறங்கலாம். சூரியன் ஏறும்முன் மணல் கெட்டியாக இருக்கும், தூரத்தைக் காலையில் சேர்த்துவிடுங்கள்.

மணற்காற்று கிளம்பி அடையாளக் கொடி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நிற்க வேண்டும். 1994ல் இத்தாலியின் மௌரோ ப்ரோஸ்பெரி புயலுக்குள் நடந்துகொண்டே இருந்தார், பல நாள் கழித்து அல்ஜீரியாவுக்குள் உயிரோடு கிடைத்தார். முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்கார்ந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடி, கண்ணாடி மாட்டிக்கொண்டு காத்திருங்கள். பைக் ஓட்டுகிற இறுக்கக் கண்ணாடி இதற்குப் போதும். கண்ணுக்குள் போடும் லென்ஸை விட்டுவிட்டுச் சாதாரணக் கண்ணாடியோடு போவது நல்லது.

காகிதமும் பயணமும்

மொராக்கோவுக்கு விசா வேண்டும். ஈசிஜி, மருத்துவர் கையெழுத்திட்ட சான்று ஆகியவற்றை மூலப் பிரதியாகக் கேட்பார்கள், போட்டிக்கு நெருங்கிய தேதியில் எடுத்ததாக இருக்க வேண்டும். நாற்பது தாண்டியவர்கள் டிரெட்மில் சோதனையையும் செய்துவிடுவது புத்திசாலித்தனம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போது ஓடும் ஷூவைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள், கெய்ட்டரும் டேப்பும் கைப்பையில். பெட்டி தொலைந்தால் சாப்பாட்டை எங்காவது வாங்கிக்கொள்ளலாம், வெல்க்ரோ தைத்த ஷூவை வாங்க முடியாது. கத்தியும் ஊசியும் பெட்டியில் போகட்டும், லைட்டரை அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

முடித்து வந்தபின் கணுக்கால் வீக்கம் சில நாள் இருக்கும், காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் வடியும். ஒரே காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் நீண்ட விமானப் பயணத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம், அதே நாளில் மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். இரண்டு வாரம் ஓட்டம் வேண்டாம், நடை மட்டும். கழன்ற நகத்தைப் பிடுங்காதீர்கள், கீழிருந்து புது நகம் தள்ளிக்கொண்டு வர மாதக்கணக்கில் ஆகும். ஷூவை உதறிவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதை வீட்டில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.